குடும்பத்தோடு பல நாள் கார்ப் பயணம், வழியெல்லாம் கூடாரம்: முழுமையான வழிகாட்டி

குழந்தைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு, அறை எடுக்காமல் வழிநெடுகக் கூடாரம் அடித்துத் தங்கிப் போகலாம் என்று முதல் தடவை கிளம்புகிற குடும்பங்கள் எங்கே தடுக்கி விழுகின்றன என்று கேட்டால், நான் பார்த்தவரை பெரும்பாலும் ஒரே நேரத்தில்தான்: பொழுது சாய்ந்த பிறகு. வண்டி பழுதாவதும் வழி தவறுவதும் எப்போதாவது நடப்பவை. பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு தெரியாத இடத்தில் இருட்டில் கூடாரம் அடிக்கும் நிலைமை, திட்டம் தப்பாக இருந்தால் தினமும் வரும்.

எங்கள் முதல் பயணத்தின் இரண்டாம் இரவு, போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. ஹெட்லைட் வெளிச்சம் விழுந்த இடத்தில் கூடாரத்தை அடித்துப் படுத்துவிட்டோம். நடுராத்திரி மழை பிடித்துக்கொண்டது, தண்ணீர் அடியிலிருந்து வந்தது, நான்கு பேரும் விடியும் வரை காருக்குள் உட்கார்ந்திருந்தோம். காலையில் பார்த்தால் நாங்கள் படுத்திருந்தது ஒரு பள்ளம், பத்தடி தள்ளி நல்ல மேட்டு நிலம் இருக்கிறது. வெளிச்சம் இருந்திருந்தால் யாருமே அந்தப் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டோம்.

கீழே உள்ள வரிசை அதற்குப் பிறகு உருவானது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள், ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியில் எடுத்த முடிவின் மேல்தான் நிற்கிறது.

1. மாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

எல்லோரும் வரைபடத்தைத் திறந்து பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்து, நாளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வகுக்கிறார்கள். அதை அப்புறம் செய்யலாம். முதலில், நீங்கள் போகும் தேதியில் அந்தப் பகுதியில் சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று பாருங்கள். அதிலிருந்து இரண்டு மணி நேரத்தைக் கழியுங்கள். அதுதான் தினமும் தங்குமிடத்துக்குள் நுழைய வேண்டிய நேரம்.

ஏன் இரண்டு மணி நேரம்? புதிதாகச் செய்கிறவர்களுக்குக் கூடாரமும் படுக்கையும் தயாராக முக்கால் மணி நேரமாவது ஆகும். சமைத்துச் சாப்பிட ஒரு மணி நேரம். மிச்சமிருக்கும் கால் மணி நேரத்தில் குழந்தைகள் கழிப்பறைக்குப் போகும் வழியை வெளிச்சத்திலேயே ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும், அதைப் பார்க்காத குழந்தை ராத்திரி இரண்டு மணிக்கு உங்களை எழுப்பும்போது நீங்களும் சேர்ந்து தடுமாறுவீர்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சூரியன் மறைவது 6.30 என்றால் 4.30க்கு உள்ளே நுழைய வேண்டும். காலை 6.30க்கு எழுந்தால், சாப்பிட்டு, கூடாரம் பிரித்து, ஏற்றிக் கிளம்ப 9 மணி ஆகிவிடும், இதை நம்ப மாட்டீர்கள், ஆனால் ஆகும். நடுவில் ஏழரை மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி, இருபது நிமிட நிறுத்தம் மூன்று, எரிபொருளுக்கும் சாமான் வாங்கவும் அரை மணி. ஆக மிஞ்சுவது 5 மணி நேரம். செல்பேசி வரைபடம் 4 மணி நேரம் என்று காட்டும் தூரத்துக்கு, கனத்த வண்டியும் குடும்பமுமாகப் போனால் 5 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. அதனால் கூடாரம் அடிக்கும் நாளில் வரைபடத்தின் 4 மணி நேரம்தான் உங்கள் எல்லை. நல்ல நெடுஞ்சாலையில் அது 300 கிலோமீட்டர் வரை வரலாம், மலைப் பாதையில் பாதிகூட வராது.

இதைச் சொன்னால் எல்லோரும் ரொம்பக் குறைவு என்கிறார்கள். கட்டாயம் 600 கிலோமீட்டர் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அன்றைக்குக் கூடாரத்தை மறந்துவிட்டு அறை எடுங்கள். நீண்ட ஓட்டத்தையும் கூடாரத்தையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, பெரிய நாட்டில் கிழக்கு நோக்கிப் போனால் நேர மண்டலம் மாறும் இடத்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். தங்குமிட அலுவலகம் மூடும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படிதான் நடக்கும்.

2. ஓய்வு இரவுகளை இப்போதே செருகுங்கள்

மூன்று இரவுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்குங்கள். துணி துவைக்க, ஈரக் கூடாரம் காய, ஓட்டுகிறவர் தூங்க, குழந்தைகள் காரில் ஏறாமல் ஒரு முழு நாள் ஓடியாட. பயணம் முடிந்ததும் குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் நினைவில் நிற்பது இந்த நாட்கள்தான்.

முதல் நாள் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். வீட்டைப் பூட்டிக் கிளம்பும் நாள் எப்போதும் தாமதமாகும், கைப்பழக்கமும் அன்றைக்கு இருக்காது. முதல் இரவுக்கும் வார இறுதி இரவுகளுக்கும் இடத்தை முன்பதிவு செய்துவிடுங்கள். மற்ற இரவுகளுக்கு, குறித்த இடத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வரும் மாற்று இடம் ஒன்றைக் கையில் வையுங்கள். தாண்டிப் போய்த் தேட வேண்டிய இடம் மாற்று இடமே இல்லை.

தங்குமிடத்தின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், அடிவாரத்து ஊரின் வானிலையை நம்பிப் போனால் ராத்திரி நடுங்குவீர்கள். 2,500 மீட்டருக்கு மேல் தூங்குவதாக இருந்தால் அதற்கு முன் ஓர் இரவு கொஞ்சம் கீழே தங்குங்கள், உயரத்தால் வரும் தலைவலியும் வாந்தியும் குழந்தைகளுக்கும் வரும்.

3. வண்டி: எடை, டயர், ஸ்டெப்னி

ஒவ்வொரு வண்டிக்கும் ஆட்களும் சாமானும் சேர்த்து இத்தனை கிலோதான் ஏற்றலாம் என்று ஒரு வரம்பு உண்டு. கையேட்டிலோ, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுச்சீட்டிலோ பாருங்கள். உதாரணத்துக்கு 450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பெரியவர்கள், ஒரு பாட்டி, இரண்டு பிள்ளைகள் என்றாலே 260 கிலோ போய்விடும். மிச்சம் 190ல்தான் எல்லாம்: தண்ணீர் 20 லிட்டர் என்றால் 20 கிலோ, நிரம்பிய ஐஸ் பெட்டி 25, கூடாரம், அடுப்பு, பாத்திரம், துணி. சில கையேடுகளில் ஓட்டுநரின் எடை ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும், நிதானமாகப் படியுங்கள்.

கூரைக்கும் தனி வரம்பு உண்டு, பல கார்களில் 50 முதல் 100 கிலோவுக்குள், மேலே பொருத்தும் பெட்டியின் எடையும் அதில் சேரும். மேலே படுக்கை, துணி போன்ற லேசானவை மட்டும். கனமானவை கீழே, பின் இருக்கையின் முதுகை ஒட்டி. எடை மேலே போனால் வளைவில் வண்டி சாயும், திடீரென்று வேறு பக்கம் திருப்பும்போது கட்டுப்பாடு போகும்.

டயரில் காற்று எவ்வளவு என்பதற்கும் அதே ஒட்டுச்சீட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் வழக்கமான பாரத்துக்கு ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் இருக்கும், உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து நிரப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. காலையில் ஓட்டுவதற்கு முன் குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயர் கூடுதல் அழுத்தம் காட்டும், அதை நம்பிக் காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் குறைந்த காற்றோடு ஓட்டுவீர்கள். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கிச் சூடேறும், கனத்த பாரத்தோடு வெயிலில் வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பத்து வருடம் கடந்த டயரில் பள்ளம் நன்றாக இருந்தாலும் குடும்பத்தை ஏற்றாதீர்கள், ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

ஸ்டெப்னியை வீட்டு வாசலிலேயே ஒருமுறை நீங்களே கழற்றி மாட்டுங்கள். அதில் காற்று இருக்கிறதா, ஜாக்கி எங்கே, பூட்டு நட்டுக்கான சாவி எங்கே என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சில புது வண்டிகளில் ஸ்டெப்னியே கிடையாது, ஓட்டை அடைக்கும் திரவம் மட்டும் இருக்கும், அதையும் அன்றைக்குத்தான் கண்டுபிடிப்பீர்கள். ஒல்லியான தற்காலிகச் சக்கரம் என்றால் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர்தான் எல்லை. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், மண் தரையில் ஜாக்கி புதைந்துபோகும்.

பின்பக்கம் கனத்தால் முன்பக்கம் தூக்கும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஸ்டியரிங் அருகே விளக்கைக் கீழிறக்கும் சிறிய திருகு பல கார்களில் இருக்கிறது. முழுப் பாரத்துக்கு ஏற்றபடி அதைத் திருப்பி வையுங்கள்.

4. கூடாரமும் படுக்கையும்

நான்கு பேருக்கான கூடாரம் என்று எழுதியிருந்தால், நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம், பைக்கு இடம் கிடையாது என்று அர்த்தம். ஆள் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வாங்குங்கள்.

குளிர் பெரும்பாலும் கீழேயிருந்து வரும். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்கள் உடம்புக்கு அடியில் உள்ள பகுதி அமுங்கிவிடுவதால் தரைக் குளிரைத் தடுக்காது. உள்ளே காற்று மட்டும் நிரம்பிய தடிமனான மெத்தை பார்க்கச் சொகுசு, குளிர் ராத்திரியில் அது ஐஸ்கட்டி. குளிர் தடுக்கும் விரிப்பு, குறைந்தபட்சம் ஒரு நுரைப்பாய், அடியில் வேண்டும். பேக்கில் இரண்டு வெப்பநிலை போட்டிருந்தால் சுகமாகத் தூங்கக்கூடிய அளவைப் பாருங்கள், அதற்குக் கீழே இருக்கும் எண் சுருண்டு படுத்தால் சமாளிக்கலாம் என்ற அளவு. பெரியவர்களின் பேக்கில் குழந்தையைப் படுக்க வைத்தால், காலுக்குக் கீழே மிஞ்சும் பகுதியை மடித்து அடியில் தள்ளிவிடுங்கள், அந்தக் காலி இடத்தைச் சூடாக்கக் குழந்தையின் உடம்பால் முடியாது.

5. ஒத்திகை இரவு

பலர் தாண்டிவிடும் படி இது, எதை விட்டாலும் இதை விடாதீர்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் மண் தரை உள்ள ஓர் இடத்தில் ஒரு முழு இரவு தங்குங்கள். அதே கூடாரம், அதே அடுப்பு, அதே ஆட்கள். கூடாரத்தை இரண்டு தடவை அடியுங்கள், இரண்டாவது தடவை பொழுது சாயும் நேரத்தில், கடிகாரம் பார்த்து.

இரண்டு வாரம் முன்னால் என்பதற்குக் காரணம் உண்டு. விடுபட்டதை வாங்கவும், பொருந்தாததை மாற்றவும், குழந்தைக்குப் பயம் வந்தால் அதைப் பேசித் தீர்க்கவும் நேரம் வேண்டும். பெரியவர் ஒருவருக்குத் தரையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை என்பது ஓர் ஒத்திகையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. மடக்குக் கட்டில் ஒன்று வாங்கினோம், பிறகு பயணம் முழுக்க எங்களில் நன்றாகத் தூங்கியவர் அவர்தான்.

6. ஏற்றும் வரிசை

மாலையில் முதலில் எது வேண்டுமோ அது கடைசியாக டிக்கிக்குள் போக வேண்டும். கதவைத் திறந்ததும் கைக்கு வர வேண்டியவை தார்ப்பாய், கூடாரம், முளைகள், சுத்தியல். மழையில் போய் இறங்கும் நாளில் இந்த ஒரு வரிசை உங்களைக் காப்பாற்றும்: முதலில் தார்ப்பாயைக் கட்டி, அதற்கடியில் கூடாரம் அடிக்கலாம், மற்ற எதுவும் வெளியே வந்து நனைய வேண்டியதில்லை.

அதற்குப் பின்னால் படுக்கைகள், பிறகு சமையல் பெட்டி, உள்ளே துணிப்பைகள். கெட்டிப் பெட்டிகள் வேண்டாம், ஆளுக்கொரு மெத்தென்ற பை என்றால் இடுக்குகளில் அமுக்கலாம். ஒழுங்காக ஏற்றி முடித்ததும் டிக்கியைப் போட்டோ எடுத்து வையுங்கள், மூன்றாம் நாள் காலையில் யார் ஏற்றினாலும் அதே போல வரும்.

பின் கண்ணாடி அருகே எதையும் கட்டாமல் வைக்காதீர்கள். அவசரமாகப் பிரேக் போட்டால் அது பறந்து வந்து யார் தலையிலாவது விழும்.

முன்னிருக்கையின் கீழே ஒரு சின்னப் பை: ஈரத்துணி, குழந்தைக்கு ஒரு மாற்றுடை, வாந்திக்குப் பைகள், மருந்துப் பெட்டி. அதில் காய்ச்சல் மருந்து (குழந்தையின் எடைக்கான அளவை மேலேயே எழுதி), ஒவ்வாமை மருந்து, கட்டுத்துணி, இடுக்கி, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு 6 சமதளத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கூட்டவோ குறைக்கவோ கூடாது.

7. தண்ணீர், சாப்பாடு

ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். கழுவ வேறு.

ஐஸ் பெட்டி இரண்டு வேண்டும், ஒன்று குடிப்பவற்றுக்கு, ஒன்று உணவுக்கு. குடிக்கிற பெட்டியை நாளெல்லாம் திறந்து திறந்து மூடுவார்கள், அதில் ஐஸ் சீக்கிரம் கரையும். உணவுப் பெட்டி 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, உள்ளே ஒரு வெப்பமானி போட்டுவிடுங்கள். சின்னத் துண்டுகளைவிடப் பெரிய கட்டி ஐஸ் வெகுநேரம் நிற்கும். முந்தின இரவே பெட்டியைக் குளிர வைத்தால் போட்ட ஐஸ் பெட்டியைக் குளிர்விப்பதிலேயே தீர்ந்துபோகாது.

முதல் இரவு சமைக்காதீர்கள், வீட்டில் செய்ததைக் கொண்டுபோய்ச் சாப்பிடுங்கள். ஆற்றுத் தண்ணீர் என்றால் நன்றாகக் கொதித்த பிறகு 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதுதான் காரணம், அங்கே சாப்பாடு வேகவும் நேரம் பிடிக்கும், கேஸும் அதற்கேற்ப அதிகம் வேண்டும்.

8. ஓட்டும் நேரம்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், களைப்பு தெரிவதற்கு முன்பே. 100 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் சொக்கினால் வண்டி 83 மீட்டர் யாரும் ஓட்டாமல் போகும். மதியம் 2 முதல் 4 மணி வரை உடம்பு தானாகவே மந்தமாகும் நேரம். பாட்டைக் கூட்டுவதும் கண்ணாடியை இறக்குவதும் உதவாது, நிறுத்தி இருபது நிமிடம் தூங்குவது உதவும். ஓட்டத் தெரிந்தவர் இன்னொருவர் இருந்தால் இந்த நேரத்தை அவருக்குக் கொடுங்கள்.

வளைவுப் பாதை வந்தால் குழந்தைகளின் கையிலிருக்கும் திரையை வாங்கிவிடுங்கள், தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். தூங்குகிற குழந்தையைப் பெல்ட் இல்லாமல் பின்சீட்டில் நீட்டிப் படுக்க வைப்பது எவ்வளவு நீளப் பயணத்திலும் கூடாது. மூடிய காரில் குழந்தையை ஒரு நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள், வெயிலில் பத்து நிமிடத்தில் உள்ளே சுமார் 10 டிகிரி ஏறிவிடும்.

ஆள் நடமாட்டம் குறைந்த பகுதியில் எரிபொருள் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். வரைபடத்தை முந்தின இரவே செல்பேசியில் இறக்கி வையுங்கள், காகித வரைபடம் ஒன்றும் இருக்கட்டும்.

9. போய் இறங்கியதும்

ஒருவர் குழந்தைகளோடு போகட்டும், இன்னொருவர் எந்தச் சாமானையும் இறக்காமல் ஐந்து நிமிடம் இடத்தைச் சுற்றி நடக்கட்டும். சாமானை இறக்கிவிட்டால் மனசு அந்த இடத்துக்கே இசைந்துவிடும், பிறகு நகர மாட்டோம்.

மேலே பாருங்கள்: காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி வேண்டாம். கீழே பாருங்கள்: பள்ளம், தண்ணீர் ஓடிய தடம், எறும்புப் புற்று வேண்டாம். வறண்ட ஓடைப் படுகை எவ்வளவு சமமாக இருந்தாலும் வேண்டாம், எங்கோ மேலே பெய்த மழை வெறும் வானத்தின் கீழே அங்கு வந்து சேரும். பிடித்த இடத்தில் விரிப்பைப் போட்டு நீங்களே ஒரு நிமிடம் படுத்துப் பாருங்கள், கல்லும் சரிவும் முதுகுக்குத் தெரியும். கொஞ்சம் சரிவு இருந்தால் தலை மேட்டுப்பக்கம்.

அப்புறம் வரிசையாக: அடிவிரிப்பு, கூடாரம், மேல்துணி (கூடாரத்தின் மேலே போர்த்தும் மழைத்துணி), படுக்கை, அதன் பிறகே அடுப்பு. சாப்பிட்ட பிறகு படுக்கை விரிக்க யாருக்கும் உடம்பு வளையாது. அடிவிரிப்பு கூடாரத்துக்கு வெளியே ஒரு விரல்கூட நீட்டக் கூடாது, நீட்டினால் மழைத் தண்ணீரைப் பிடித்து நேராக உங்களுக்கு அடியில் கொண்டுவந்துவிடும், மடித்து உள்ளே தள்ளுங்கள். முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நட்சத்திரம் தெரிகிறது என்று மேல்துணியை விட்டுவிடாதீர்கள், விடிகாலைப் பனியே நனைத்துவிடும்.

10. இரவில்

கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ எரியக் கூடாது. மழை பெய்தாலும், வாயிலைத் திறந்து வைத்திருந்தாலும், அணைந்துபோனதாகத் தெரியும் கரியானாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். இஞ்சினை ஓடவிட்டுக் காருக்குள் தூங்குவதற்கும் இதே பதில்.

உணவு, பற்பசை, சோப்பு எதுவும் கூடாரத்துக்குள் வேண்டாம், வாசனைக்கு விலங்கு வரும். பொதுவாகக் காருக்குள் வைத்துப் பூட்டலாம். கரடி நடமாடும் இடமென்றால் கார்க் கதவையே பெயர்க்கும், அங்கே கொடுக்கும் இரும்புப் பெட்டியைப் பயன்படுத்துங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் எல்லோரும் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றுங்கள், கூடாரம் மின்னலுக்குத் துளியும் பாதுகாப்பு இல்லை. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்து இறங்கலாம். அதனால் கார்ச் சாவி, டார்ச், செருப்பு மூன்றும் வாயிலருகே ஒரே இடத்தில், தினமும் அதே இடத்தில்.

நெருப்பு மூட்டியிருந்தால் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.

11. காலையில்

எழுந்ததும் மேல்துணியைக் கழற்றி வெயில் படும் பக்கம் விரியுங்கள், நீங்கள் சாப்பிடும் நேரத்தில் அது காயும். காயாவிட்டால் அதற்கென்று தனிப் பை, படுக்கையோடு சேர்க்காதீர்கள். டயர் குளிர்ந்திருக்கும் இந்த நேரத்தில் காற்றை அளந்துவிடுங்கள், நான்கு டயருக்கும் மூன்று நிமிடம். கடைசியாக எல்லோரும் கை கோத்து ஒரு வரிசையாக அந்த இடத்தைக் கடந்து நடங்கள். விட்டுப்போன முளைகளைக் கண்டுபிடிப்பது எப்போதும் பிள்ளைகள்தான், ஒரு சாக்ஸும் கிடைக்கும்.

12. வீடு வந்ததும்

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கூடாரத்தை அன்றைக்கோ மறுநாளோ பிரித்துக் காயப்போடுங்கள், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து அடுத்த வருடம் நாற்றமடிக்கும். ஸ்லீப்பிங் பேக்கை இறுக்கிக் கட்டாமல் தளர்வாகத் தொங்கவிடுங்கள். ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தே வையுங்கள். டயர்க் காற்றை வழக்கமான பாரத்துக்கான அளவுக்குக் குறைத்து, ஹெட்லைட் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்புங்கள், இதை மறந்துவிட்டு மாதக்கணக்கில் சாலையையே சரியாகப் பார்க்காமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.